பர்மா பஜார் நகம்

ஏழாவது நகத்தோடு ரிமூவர் தீர்ந்துபோயிற்று.

சசிரேகா புட்டியைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு சொட்டு வந்தது. அதுவும் பஞ்சில் விழாமல் தரையில் விழுந்தது. மஞ்சுளாவின் வலது கையில் இரண்டும் இடது கையில் ஒன்றுமாக மூன்று ஒட்டு நகங்கள் இன்னும் ரோஜா நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்தன. நகம் எடுத்த ஏழு விரல்களும் நுனி சிவந்து, ஊறவைத்த கொண்டைக்கடலைபோல உப்பியிருந்தன.

"எரியுதா மஞ்சு?"

"பரவால்லக்கா."

"அரிக்குதா?"

"அதுவும் பரவால்லக்கா."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பழைய வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தாள் பிரவீனா. மஞ்சுளாவின் தெருக்காரி. ஒரே கம்பெனியில் ஒரே மேசையில் வேலை. அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நேத்து சாயங்காலத்துல இருந்தே அரிச்சிக்கினுதான் கீது. சோறு துன்றப்பக்கூட சொறிஞ்சிக்கினேதான் துன்னா."

"நீ சும்மா கிட டீ" என்றாள் மஞ்சுளா. அதில் கோபமே இல்லை.

சசிரேகா பயத்தோடு சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். இன்று சனிக்கிழமை. நாளை மாலை நான்கு மணிக்கு மஞ்சுளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளை அலங்கரிக்கும் பொறுப்பு சசிரேகாவுடையது.

அது வெறும் அலங்காரமாக இருந்தால் இவ்வளவு பயம் வேண்டியதில்லை. மஞ்சுளாவின் அம்மா மரகதம் வல்லக்கோட்டைப் பக்கத்தில் மாதர் சங்கத் தலைவி. அவள் "நல்லாத்தான் கீது" என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு ஊர்ப் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால் உள்ளூர்க்காரிகூடப் படியேற மாட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கோதண்டத்தின் சர்பத் கடை மாடியில், 'ரேகா லேடீஸ் பியூட்டி பார்லர்' என்று போர்டு மாட்டி எட்டு மாதம்தான் ஆகிறது. மாடியை வாடகைக்கு விடும்போதே கோதண்டம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"எந்த வூட்டுப் பொம்பளையாவது வந்து கீழ நின்னு சண்ட போட்டுச்சுன்னு வச்சிக்க, அன்னிக்கே போர்டக் கழட்டிடணும். இது மானமா சர்பத் விக்கிற எடம்."

இதுவரை யாரும் சண்டை போடவில்லை. சண்டை போடும் அளவுக்கு யாரும் வரவுமில்லை.

வியாழக்கிழமைதான் மரகதம் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து மேசைமேல் வைத்தாள், சந்தையில் கத்தரிக்காயை வைப்பதுபோல.

"இத இன்னான்னு பாரும்மா. அட்டப் பொட்டி மடிச்சி, கயிறு கட்டி, ஆம்பள கை மாதிரி ஆக்கி வச்சிக்கினு கீறா. ஒரகடம் ரோட்டுல ஸ்பீக்கர் கம்பெனி. மொதல்ல இன்னாவோ பசை ஒட்டற வேலைல இருந்தா. அது நல்ல வேல. அப்புறம் பேக்கிங்ல தூக்கிப் போட்டுட்டாங்க. நகம் பூரா போச்சு. மாப்ள பம்பாய்ல கீறாரு. பத்து நாள் லீவு. ஞாயித்துக்கெழம பாத்துட்டாங்கன்னா அடுத்த மாசமே முடிச்சிக் கூட்டிக்கினு பூடுவாரு."

"தை மாசம் பர்மனென்ட் பண்றாங்கம்மா" என்றாள் மஞ்சுளா, தரையைப் பார்த்து.

"பர்மனென்ட்டு ஆனா தலைல கொம்பு மொளைக்குமா? பம்பாய்ல சோறு போட மாட்டாங்களா?"

மஞ்சுளா பதில் சொல்லவில்லை. மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. கீழே யாரோ சோடா புட்டியை அடித்துத் திறந்தார்கள். சசிரேகாவுக்குப் பேசாத மனிதர்களைப் பிடிக்கும். ஆள் வராத நாட்களில் நூலகப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே ஜன்னலைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறவள் அவள். இந்தப் பெண்ணும் தன் ஜாதிதான் என்று தோன்றியது. அடக்கமான பெண், அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மஞ்சுளா கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். "அது இன்னாக்கா?"

எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. சென்னையில் ஆறு மாதம் தொழில் கற்றுத் திரும்பும் நாளில், பர்மா பஜாரில் ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி. இருபது ஒட்டு நகங்கள், இரண்டு வரிசையாக. ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பசை டியூப். கோதண்டத்தின் மனைவி ஒருமுறை வந்து, "இது பூண்டு உரிக்கிறதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனதோடு சரி.

சசிரேகா பெட்டியைத் திறந்தாள். மஞ்சுளா நகங்களைத் தொடவில்லை. பசை டியூபை எடுத்து, மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்ல பசைக்கா" என்றாள். "இதையே போடுங்க."

சென்னையில் சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒரு நோட்டில் எழுத வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் முதல் வரி: 'புதிதாக எதைப் போடுவதற்கு முன்பும், உங்களுக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.' சசிரேகாவுக்கு அந்த வரி நினைவு வந்தது. வந்தும் அவள் கேட்கவில்லை. கேட்டால் எங்கே "அப்போ வேணாம்" என்று எழுந்துவிடுவாளோ என்ற பயம்.

"ஒரு நாள் பொறுத்து, நாளைக்கு ஒட்டலாமா?" என்று மட்டும் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஓ.டி. இருக்குக்கா. வர முடியாது."

பத்து நகங்களையும் ஒட்டி முடித்தபோது மரகதம் மகளின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். பதினோரு ஊர்ப் பெண்கள் படியேறி வரும் ஓசை சசிரேகாவின் காதில் விழுந்தது.

இப்போது அதே கை, அதே மேசை. பதினோரு ஊர்ப் பெண்களும் இறங்கிப் போகும் ஓசைதான் கேட்டது.

"ஐஸ் வைக்கலாம்" என்றாள் சசிரேகா. எரிச்சலுக்கு ஐஸ் நல்லது. மூச்சிரைக்கக் கீழே ஓடினாள்.

"அண்ணே, கொஞ்சம் ஐஸ் குடுங்க."

"மேல இன்னா நடக்குது?" கோதண்டம் சந்தேகத்தோடு பார்த்தார்.

"ஒரு பொண்ணுக்குத் தலைவலி."

"மண்டைக்கு ஐஸா?" அவர் ஒரு அகன்ற டம்ளரை எடுத்துப் பெட்டிக்குள் விட்டு அள்ளிக் கொடுத்தார். சசிரேகா அதை அப்படியே கிண்ணத்தில் கவிழ்த்து, மஞ்சுளாவின் பத்து விரல்களையும் முக்கினாள். ஐந்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தபோது விரல்கள் நுனியில் மட்டுமல்ல, இரண்டாவது கணு வரைக்கும் சிவந்திருந்தன.

"ஐயோ, ஏறுதே!" என்று அலறினாள் சசிரேகா.

பிரவீனா எட்டிப் பார்த்தாள். கிண்ணத்து நீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "ரோஸ் மில்க் டம்ளருக்கா. அடியில எசன்ஸ் இருந்திருக்கு."

கழுவினார்கள். எசன்ஸ் போகவில்லை. எது வீக்கம், எது ரோஸ் மில்க் என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்ததில் இன்னும் இரண்டு நகங்கள் கழன்றன. இடது சுண்டுவிரல் நகம் மட்டும் அசையவில்லை. சசிரேகா அதை நெருங்கியதும் மஞ்சுளா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ஒன்னு இருக்கட்டும்க்கா. வலிக்குது."

"எல்லாத்தையும் எடுத்துடலாம்மா..."

"இருக்கட்டும்க்கா."

எவ்வளவு பொறுமை என்று சசிரேகா வியந்தாள். வேறொருத்தியாக இருந்தால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பாள். தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பி வைத்தாள்.

மாலை ஐந்தரைக்குப் பிரவீனா திரும்பி வந்து நின்றாள்.

"அக்கா, மஞ்சுக்குக் கண்ணு வீங்கிப் போச்சு. அவுங்க அம்மா உங்களக் கூப்புடறாங்க."

"கண்ணா? கண்ணுக்கு நான் ஒன்னுமே போடலையே!"

"அதான் எல்லாருக்கும் ஆச்சரியமா கீது."

வல்லக்கோட்டை பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் சசிரேகா ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். 'மரகதம்மா, என் தப்புதான், நான் கேக்காம ஒட்டிட்டேன்.' சுலபமான வாக்கியம்தான். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அது தொண்டைக்கு வந்து, ஏறும்போது உள்ளே போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வாக்கியத்துக்கு வேலையே இருக்கவில்லை. மரகதம் காரணத்தைக் கண்டுபிடித்து முடித்திருந்தாள்.

"கண்ணுதாம்மா! எவளோ கண்ணு வச்சிட்டா. வியாழக்கெழம பஸ்ல இவ கையையே ஒருத்தி மொறச்சிப் பாத்துக்கினு வந்தா. அந்தப் பாழாப்போன கண்ணு!"

மஞ்சுளா பாயில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு இமைகளும் இட்லிபோல உப்பி, நடுவே கோடு கிழித்த மாதிரி கண் தெரிந்தது. மரகதம் காய்ந்த மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்து மகளை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடு முழுக்க நெடி கிளம்பியது. மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா கன்னியப்பன் இருமத் தொடங்கினார். அன்று முழுக்க அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நெடி வருதே மரகதம். நெடி வந்தா திருஷ்டி இல்லேன்னுவியே."

"மொளகா புதுசுய்யா. கம்முனு இரு."

மஞ்சுளாவின் கண்ணில் கோடாகத் தெரிந்ததும் மறைந்துபோயிற்று.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று சசிரேகா வாயைத் திறந்தாள். மரகதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதாம்மா எதுனா பண்ணணும். உன்ன நம்பித்தான் கீறேன்."

அந்தப் பிடியின் சூட்டில் வாக்கியம் உருகிப்போயிற்று. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. "விரலுக்கு மருதாணித் தொப்பி வச்சிட்டா செவப்பு தெரியாது. பாக்கவும் லட்சணமா இருக்கும்."

மரகதமே அரைத்தாள். பத்து விரல் நுனியிலும் பச்சைத் தொப்பி வைத்தார்கள். சுண்டுவிரலில் ஒட்டு நகத்தின் மேலேயே வைத்தார்கள். கண்ணுக்கு வெள்ளரிக்காய் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துச் சசிரேகா ஊர் திரும்பினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே போய் நின்றாள். மருதாணி அருமையாகப் பற்றியிருந்தது. விரல்களில் மட்டுமல்ல. தூக்கத்தில் சொறிந்துகொண்டதில் கழுத்தில் நான்கு, கன்னத்தில் மூன்று, நெற்றியில் ஒன்று என்று ஆரஞ்சுக் கோடுகள். அதற்கடியில் விரல்கள் வீக்கம் குறையாமல் அப்படியே இருந்தன.

மரகதம் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. சசிரேகா மஞ்சுளாவையும் பிரவீனாவையும் கண்ணால் கூப்பிட்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி, அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஞானம்மா இருந்தாள்.

ஞானம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விரல்களைப் பார்த்தாள். "இன்னா போட்டீங்க?"

சசிரேகா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒட்டு நகம், பசை, ரிமூவர், ஐஸ், கொஞ்சம் ரோஸ் மில்க், சோப்பு வெந்நீர், தேங்காய் எண்ணெய், மருதாணி.

"இது இன்னாம்மா, விரலா, குருமாவா?"

சசிரேகா தலைகுனிந்தாள்.

"இந்தப் பசை ஒடம்புக்கு ஆவல. அவ்ளோதான். அந்தக் கையால கண்ணத் தேச்சா கண்ணும் வீங்கும். ஒரு நகம் இன்னும் ஒட்டிக்கினு கீது பாரு. வெனய அங்க வச்சிக்கினு ஊர்ல கீற எல்லாத்தையும் மேல பூசினா எப்டி அடங்கும்?" ஞானம்மா வெதுவெதுப்பான எண்ணெயில் சுண்டுவிரலை ஊறவைத்து, அரைமணி நேரம் அவசரப்படாமல் உட்கார்ந்து, நகத்தைத் தானாகக் கழல வைத்தாள். பசைத் துணுக்குகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். கண்மேல் குளிர்ந்த துணி வைத்தாள். பிறகு சசிரேகாவைப் பார்த்தாள்.

"இனிமே ஒன்னும் போடாத. வைத்தியமே அதுதான். ஒரு வாரத்துல ஆறிடும். மூச்சு வாங்கினாலோ ஒதடு வீங்கினாலோ ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." அப்புறம் மஞ்சுளாவிடம் கேட்டாள்: "ஏம்மா, இதுக்கு முன்ன உனக்கு இந்த மாதிரி வந்திருக்குதா?"

மஞ்சுளா கூரையைப் பார்த்தாள். பிரவீனாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. நேற்றைய மிளகாய் நெடி இன்னும் போகவில்லை என்று சசிரேகா நினைத்துக்கொண்டாள்.

ஞானம்மா பதிலுக்குக் காத்திராமல் அரிப்புக்கு இரண்டு மாத்திரை கிழித்துக் கொடுத்தாள். "சாப்ட்டுட்டு ஒன்னு, படுக்கப் போறப்ப ஒன்னு. தூக்கம் வரும்."

"ரெண்டையும் ஒன்னா போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டாள் மஞ்சுளா. மூன்று நாளில் அவள் தானாகக் கேட்ட இரண்டாவது கேள்வி.

"இன்னா ஆவும், உக்காந்த எடத்துலயே தூங்குவ. அப்டியெல்லாம் போடக் கூடாது."

மஞ்சுளா கவனமாகத் தலையாட்டினாள்.

மாலை நான்கு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வெங்கடேசன் ஒல்லியாக, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். முன்னால் நடந்தவள் அவன் அத்தை ராஜம்மா. அந்த வீட்டில் பேசுகிற வேலை அவளுடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

சசிரேகா தன்னால் முடிந்ததைச் செய்திருந்தாள். அதாவது ஒன்றும் செய்யவில்லை. தலைவாரிப் பூ வைத்து, பட்டுப்புடவை கட்டி, பவுடர் டப்பாவைப் பக்கத்தில்கூட வரவிடாமல் காவல் காத்தாள். கண் வீக்கம் பாதி வடிந்திருந்தது. குனிந்த தலையாக இருந்தால் சமாளித்துவிடலாம்.

மஞ்சுளா காபித் தட்டோடு வந்தாள். நன்றாகக் குனிந்திருந்தாள். கொஞ்சம் அதிகமாகவே குனிந்து, தட்டு சாயப்போக, வெங்கடேசன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். பிறகு அவள் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

"பொண்ணு ரொம்ப அடக்கம்" என்றாள் ராஜம்மா திருப்தியோடு. "வந்ததுல இருந்து தலையே நிமிரல. இன்னாம்மா படிச்சிருக்க?"

மஞ்சுளாவின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

"பத்தாவது" என்றாள் மரகதம்.

"பொண்ணு வாயால சொல்லட்டுமே. சமைக்கத் தெரியுமாம்மா?"

கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அமைதியில், மெல்லியதாக, சீரானதாக ஒரு குறட்டை கேட்டது.

சசிரேகா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் மேடையில் மாத்திரைத் தாள் கிடந்தது. இரண்டு குழியும் காலி. பாவம், அரிப்புத் தாங்காமல் போட்டுக்கொண்டிருக்கிறாள்!

ராஜம்மா எழுந்து போய் மஞ்சுளாவின் முகவாயை நிமிர்த்தினாள். கழுத்தின் கோடுகளைப் பார்த்தாள். கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தாள். "இது இன்னாது மரகதம்? ஒடம்புல எதுனா வியாதியா?"

மரகதத்தின் முகம் வெளுத்தது. சங்கத்தில் நூறு பேர் நடுவே பேசுகிறவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும், நேற்று மாலையிலிருந்து தொண்டையில் ஏறி இறங்கிய வாக்கியம் சசிரேகாவை மீறி வெளியே வந்துவிட்டது.

"வியாதி இல்லம்மா. என் தப்பு. நான்தான் ஒட்டு நகம் ஒட்டினேன். அந்தப் பசை ஆகுமா ஆகாதான்னு கேக்கவே இல்ல. கண்ணு வீங்கினதும் அதனாலதான். மாத்திரை சாப்பிட்டதால தூங்குறா. பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மனசுக்குள் ஏதோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

"தூங்கட்டும் அத்த, எழுப்பாதீங்க" என்றான் வெங்கடேசன் மெதுவாக. நல்ல பையன்தான்.

ராஜம்மா கேசரியை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "கை ஆறட்டும். மூஞ்சி தெளியட்டும். இவனுக்கு அடுத்த லீவு பங்குனிலதான். அப்போ வந்து பாத்துக்கலாம்."

கார் போயிற்று. மரகதம் வாசலில் நின்று சசிரேகாவை வெகுநேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "நீ போம்மா" என்று மட்டும் சொன்னாள். கூடத்தில் மஞ்சுளா, உதட்டோரம் லேசான சிரிப்போடு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். மாடிப்படியில் பூனைகூட ஏறவில்லை.

கோதண்டம் தினமும் கீழேயிருந்து கூவினார். "ஆரு எப்ப வந்து கத்தப் போறாங்கன்னு பாத்துக்கினே கீறேன். போர்டுக்கு ஸ்க்ரூ டிரைவர் ரெடியா வச்சிக்கினு கீறேன்."

சசிரேகாவுக்கு வருத்தம் இருந்தது. கூடவே, அவளே எதிர்பாராத ஒரு நிம்மதியும் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லாதவளாக ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ச்சாரியில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்பதையும் போவதையும் பார்த்தாள். புத்தகம் மடியில் அதே பக்கத்தில் திறந்திருந்தது. கடை போனால் போகட்டும். ஆனால் இருக்கிற வரை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். நோட்டின் முதல் வரியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிமேல் ஒட்டினாள். ஒட்டு நகப் பெட்டியைக் குப்பைக்கூடை அருகே எடுத்துப்போய், மீதி பத்து நகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மனசு வராமல் மேசைமேலேயே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, ஷிப்ட் விட்ட பஸ் வந்து நின்ற ஐந்தாவது நிமிடம், கீழே கோதண்டத்தின் குரல் கிளம்பியது.

"வந்துட்டாங்கம்மா! ஒன்னு இல்ல, நாலு பேரு! யூனிபாரத்தோட வராங்க!"

தடதடவென்று படியேறும் சத்தம். சசிரேகா எழுந்து நின்றாள். கண்ணாடியை உடைப்பார்களா, நாற்காலியையா? எதுவானாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கைகளைக் கோத்துக்கொண்டாள்.

நீல நிறக் கோட்டில் நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் பிரவீனா.

"மஞ்சுவுக்கு எப்படி இருக்கு?" என்றாள் சசிரேகா அவசரமாக.

"கை நல்லா ஆறிடுச்சுக்கா. ஜாலியா கீறா. உங்களுக்குக் கோடி கும்பிடு சொல்லச் சொன்னா." பிரவீனாவின் கண்கள் மேசையைத் துழாவின. "அந்த நகப் பொட்டி இன்னும் கீதா?"

"அத எதுக்குக் கேக்குற?"

"எங்களுக்குப் போட்டு வுடுங்க."

சசிரேகாவுக்குக் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. "பத்து நகம்தான் பாக்கி இருக்கு. நீங்க நாலு பேரு."

"ஆளுக்கு ரெண்டு போதும்க்கா."

"ரெண்டு விரலுக்கு மட்டும் நகம் வச்சிக்கிட்டா அதுல என்னம்மா அழகு?"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை சசிரேகா அந்த மௌனத்தை நம்பத் தயாராக இல்லை. எழுந்து, கண்ணாடிமேல் ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக்காட்டினாள்.

"இங்க பாருங்க, இனிமே கேக்காம ஒரு பொட்டுகூட வைக்க மாட்டேன். மறைக்காம உண்மையச் சொல்லணும். உங்கள்ல யாருக்காவது இந்தப் பசை ஒத்துக்காதா?"

பிரவீனா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்.

"எங்க நாலு பேருக்குமே ஒத்துக்காதுக்கா, அதனாலதான் மஞ்சுவோட சேத்து எங்களையும் ஒட்டற லைன்ல இருந்து பேக்கிங்ல தூக்கிப் போட்டாங்க, எனக்கு மொதல்ல போடுங்க, நாளன்னிக்கு என்னப் பொண்ணு பாக்க வராங்க."